மயக்க மருந்து எதற்காக? அறுவை அரங்கில் மூச்சையும் நாடியையும் காக்கும் மருத்துவம்

நெருள்: அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவரிடம் உறவினர்கள் முதலில் கேட்பது, ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் யார் என்பதுதான். மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று விசாரிப்போர் குறைவு. நெருள், செம்பூர், மாட்டுங்கா, தாராவி என மும்பைப் பெருநகரில் தமிழர் வாழும் பகுதிகளிலும் நிலைமை இதுவே. ஆனால் அறுவை நடைபெறும் நேரம் முழுவதும் நோயாளியின் மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பு மயக்கவியல் மருத்துவரிடமே உள்ளது.

உறக்கத்திலிருந்து வேறுபட்ட நிலை

உறங்குபவரைத் தட்டினால் எழுந்துவிடுவார். முழு மயக்கத்தில் இருப்பவரைக் கத்தியால் கீறினாலும் விழிக்கமாட்டார். மருந்தினால் உண்டாக்கப்பட்டு, மருந்தினாலேயே கட்டுப்படுத்தப்படும் இந்த நிலைக்கு நான்கு நோக்கங்கள் உள்ளன. நோயாளிக்கு உணர்வும் நினைவும் பதியாதிருத்தல், வலி தெரியாதிருத்தல், தசைகள் தளர்ந்து உடல் அசையாதிருத்தல் ஆகியவை முதல் மூன்று. நான்காவது வெளியே தெரியாதது. மயக்கத்தில் இருந்தாலும் உடல் காயத்தை உணர்ந்து எதிர்வினை காட்டும். நாடி விரையும், இரத்த அழுத்தம் ஏறும். இதய நோயாளிக்கு இதுவே ஆபத்தாகலாம். அந்த எதிர்வினையை அடக்கி வைப்பதும் மயக்கவியலின் பணியாகும்.

தொடக்க காலத்தில் இவை அனைத்தையும் ஒரே மருந்தைக் கொண்டு செய்ய வேண்டியிருந்தது. 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியைக் கொடுத்து, பொதுமக்கள் முன்னிலையில் அறுவைச் சிகிச்சைக்கு வழிசெய்தார். உலக மயக்கவியல் நாள் அந்தத் தேதியிலேயே கடைப்பிடிக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி கொல்கத்தாவில் ஈதர் பயன்படுத்தப்பட்டது. கப்பலில் செய்தி வந்து சேர்ந்த அந்தக் காலத்தில், ஆறு மாதத்திற்குள் இது நிகழ்ந்தது வியப்புக்குரியது.

தசை தளர வேண்டுமானால் ஈதரையோ குளோரோஃபார்மையோ மிகுதியாகக் கொடுக்க வேண்டும். மிகுதியானால் மூச்சு நிற்கும். 1942-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித், அம்பு நஞ்சாக அறியப்பட்ட கியூராரேவிலிருந்து எடுத்த மருந்தைத் தசைத் தளர்வுக்குப் பயன்படுத்திய பின்னரே இந்தச் சிக்கலுக்குத் தீர்வு பிறந்தது. அதன்பின் ஒவ்வொரு நோக்கத்திற்கும் தனி மருந்து, ஒவ்வொன்றிலும் சிறிய அளவு என்ற முறை வழக்கத்திற்கு வந்தது. தசைகள் தளரும்போது மூச்சுத் தசைகளும் செயலிழக்கும் என்பதால், தொண்டைவழிக் குழாய் செலுத்தி இயந்திரத்தின் உதவியுடன் மூச்சு அளிக்கப்படுகிறது. முழு மயக்கத்திற்குப் பின் இரண்டொரு நாள் தொண்டை கரகரப்பதற்கு இக்குழாயே பெரும்பாலும் காரணம்.

ஹைதராபாத் எழுப்பிய கேள்வி

மயக்கத்தில் இருப்பவரைக் காக்க எதைக் கவனிக்க வேண்டும், மூச்சையா, நாடியையா? 19-ஆம் நூற்றாண்டின் மருத்துவ உலகை இரண்டாகப் பிரித்த இந்தக் கேள்விக்கு விடை தேடிய பெரும் ஆய்வு இந்தியாவில்தான் நடைபெற்றது.

1848 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசில் அருகே, கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் உயிரிழந்தாள். அதன்பின் இத்தகைய மரணங்கள் தொடர்ந்தன. மருந்து இதயத்தைத் தாக்குகிறது, ஆகவே நாடியைக் கவனிக்க வேண்டும் என்று லண்டன் மருத்துவர்கள் பலர் கருதினர். மூச்சு முதலில் நிற்கிறது, மூச்சைக் கவனித்தால் போதும் என்பது எடின்பரோவில் பயின்றோரின் கருத்து.

எடின்பரோவில் பயின்ற எட்வர்டு லாரி, ஹைதராபாத் மருத்துவப் பள்ளியின் முதல்வராக இருந்தார். ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் ஆதரவுடன் 1888-இல் அவர் முதல் குளோரோஃபார்ம் ஆணையத்தை அமைத்தார். நாய்களைக் கொண்டு நடத்தப்பட்ட சோதனைகளில் மூச்சே முதலில் நிற்கிறது என்ற முடிவு எட்டப்பட்டது. லண்டனின் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அதை ஏற்கத் தயங்கியது. இதழின் சார்பில் ஒருவரை அனுப்புமாறு கேட்டு, செலவுக்கு நிஜாம் 1,000 பவுன் அளித்தார். 1889-இல் வந்தவர் லாடர் பிரண்டன். இதயமே காரணம் என்ற கருத்துடன் வந்த அவரும், நூற்றுக்கணக்கான விலங்குகளில் செய்த சோதனைகளுக்குப் பின் லாரியின் பக்கம் சாய்ந்தார்.

விவாதம் அத்துடன் முடியவில்லை. லேசான குளோரோஃபார்ம் மயக்கத்தில் இதயத் துடிப்பு திடீரென ஒழுங்கிழந்து நின்றுவிடக்கூடும் என்பதை 1911-இல் குட்மன் லெவி சோதனை வாயிலாக நிறுவினார். மிகுதியான அளவில் மூச்சு நிற்கும். குறைந்த அளவிலும் இதயம் நிற்கக்கூடும். இரு தரப்பும் பாதி உண்மையைக் கண்டிருந்தன. ஹைதராபாத் ஆய்வில் தவறு இருந்தது உண்மைதான். ஆயினும் மயக்கம் கொடுப்பவர் நோயாளியை விட்டுக் கண்ணெடுக்கக் கூடாது என்ற ஒழுங்கை அது வலியுறுத்தியது. அந்த ஒழுங்கு இன்றும் மாறவில்லை.

அதே ஹைதராபாத் பள்ளியில் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர்களுள் ஒருவராகப் போற்றப்படுகிறார்.

இன்றைய அறுவை அரங்கில் மூச்சும் நாடியும் சேர்த்தே கவனிக்கப்படுகின்றன. கொரோனா காலத்தில் வீடுதோறும் அறிமுகமான, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருவிக்கு அடிப்படையான கொள்கையை 1970-களின் தொடக்கத்தில் வகுத்தவர் ஜப்பானின் தக்குவோ அயோயகி. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உதடு நீலமாவதற்கு முன்பே அது காட்டிவிடும். வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை அளக்கும் கருவி, குழாய் சரியான இடத்தில் உள்ளதா என்பதை உறுதிசெய்கிறது. நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் ஆக்சிமீட்டரின் அளவீட்டைப் பாதிக்கக்கூடும் என்பதால், அவற்றைத் தவிர்க்குமாறு மருத்துவமனைகள் அறிவுறுத்துகின்றன.

முதுகில் போடும் ஊசி

எல்லா அறுவைக்கும் முழு மயக்கம் தேவையில்லை. சிறிய காயத்திற்கு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். சிசேரியன், கால் எலும்பு அறுவை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் முதுகுத்தண்டு வழியாக மருந்து செலுத்தப்பட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்வு தற்காலிகமாக நீக்கப்படுகிறது. 1898-இல் ஜெர்மனியின் ஆகஸ்ட் பியர் இம்முறையை அறுவைக்குப் பயன்படுத்தினார். தாய் விழித்திருந்து குழந்தையின் அழுகுரலைக் கேட்க முடிவதும், குழந்தையை மருந்து அதிகம் சென்றடையாததும் இதன் நன்மைகள்.

‘முதுகில் ஊசி போட்டதிலிருந்து இடுப்புவலி’ என்ற பேச்சு தமிழ்க் குடும்பங்களில் பரவலாக உள்ளது. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இடுப்புவலிக்கு ஊசியே காரணம் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. கர்ப்பகால உடல் மாற்றங்களும், குழந்தையைத் தூக்கிச் சுமப்பதும் பிரசவத்திற்குப் பிந்தைய வலிக்குக் காரணமாகின்றன. எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி மட்டும் ஊசியுடன் தொடர்புடையதாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு என்பதால் மறைக்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

வெறும் வயிறு ஏன்?

மயக்கத்தில் இருமலும் விழுங்கும் செயலும் அடங்கிவிடுகின்றன. வயிற்றில் உணவு இருந்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் புகுந்து உயிருக்கு ஆபத்தை விளைவிக்கலாம். ஆகவே இட்லி போன்ற எளிய உணவுக்குப் பின் 6 மணி நேரமும், தாய்ப்பாலுக்குப் பின் 4 மணி நேரமும், தண்ணீருக்குப் பின் 2 மணி நேரமும் இடைவெளி தேவை என்பது பொதுவான வரையறை. எண்ணெய்ப் பலகாரம், இறைச்சி ஆகியவற்றுக்கு 8 மணி நேரம் வரை ஆகலாம். பால் கலந்த தேநீர் தண்ணீராகக் கணக்கிடப்படாது. ‘ஒரு வாய் டீதானே’ என்று கொடுத்துவிட்டு மறைக்கும் உறவினர்களால் ஆபத்து வருவதுண்டு. உண்மையைச் சொன்னால் அறுவை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே.

அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் கேட்கப்படும் கேள்விகளும் காரணமின்றிக் கேட்கப்படுவதில்லை. புகைபிடித்தல், புகையிலை, மது, ஆஸ்துமா, சர்க்கரை மாத்திரை, இரத்தத்தை இளக்கும் மாத்திரை, ஆடும் பல், பல்செட், நாட்டு மருந்து ஆகிய அனைத்தையும் கூற வேண்டும். குடும்பத்தில் எவருக்காவது மயக்க மருந்தின்போது கடும் காய்ச்சலோ எதிர்பாராத மரணமோ நேர்ந்திருந்தால், அது மிக முக்கியமான தகவல். சில மருந்துகளுக்கு உடல் ஆபத்தான முறையில் எதிர்வினை காட்டும் தன்மை பரம்பரையாக வரக்கூடியது.

கையொப்பத்திற்கு முன்

மும்பையில் ஒப்புதல் படிவங்கள் பெரும்பாலும் மராத்தி, இந்தி அல்லது ஆங்கிலத்தில் உள்ளன. படிக்க இயலாதவர், தமக்குப் புரியும் மொழியில் விளக்கம் கேட்கலாம். மயக்கத்தில் இருக்கும் நோயாளியால் பேச முடியாது என்பதால், முன்கூட்டியே பெறப்படும் ஒப்புதலுக்குச் சட்டத்தில் தனி முக்கியத்துவம் உண்டு. பரிசோதனைக்காக முழு மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பை அகற்றப்பட்ட வழக்கில், அந்த ஒப்புதல் செல்லாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், வயதுவந்த நோயாளிக்குப் பதிலாக வேறொருவர் முடிவெடுக்க இயலாது என்பது அதன் சாரம்.

அறுவை முடிந்ததும் நோயாளி உடனே வார்டுக்கு மாற்றப்படுவதில்லை. மூச்சு சீராகி, பெயர் சொல்லி அழைத்தால் விழித்து, வலியும் குமட்டலும் நடுக்கமும் கட்டுப்படும் வரை மீட்பு அறையில் கண்காணிக்கப்படுகிறார். அன்றே வீடு திரும்புவோர் 24 மணி நேரத்திற்கு வாகனம் ஓட்டுவதையும், மது அருந்துவதையும், முக்கிய ஆவணங்களில் கையொப்பமிடுவதையும் தவிர்க்க வேண்டும்; அந்த முதல் இரவில் துணைக்கு ஒருவர் உடனிருப்பது அவசியம்.