இறுதிக்கு முன் எத்தனை ஆட்டம்?

அயர்லாந்தின் ஹர்லிங் சாம்பியன்கள் பட்டியலில் வழக்கமாக நான்கு கட்டங்கள் இருக்கும்: ஆண்டு, வென்ற கவுண்டி, தோற்ற கவுண்டி, ஸ்கோர். ஐந்தாவதாக நான் ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டேன். இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர அந்த அணி அதற்கு முன் எத்தனை ஆட்டம் ஆடியது? போட்டி அமைப்பைத் திருத்தும் பேச்சு அந்நாட்டில் எழும்போதெல்லாம், மாகாணவாரியாக ஆடுவதே தொன்மரபு, அதில் கைவைக்கலாகாது என்ற குரலும் கூடவே எழும். அந்த மரபின் வயதைக் கண்டுபிடிக்க இந்த ஐந்தாவது கட்டம் உதவும் என்று நினைத்தேன்.

கட்டங்களை நிரப்பும் முன் ஸ்கோரைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஹர்லிங் என்பது வளைந்த மர மட்டையும் ஸ்லிட்டர் என்னும் சிறு தோல்பந்தும் கொண்டு, அணிக்கு 15 பேர் ஆடும் ஆட்டம். பந்து குறுக்குக் கம்பத்துக்குக் கீழே போனால் கோல், மேலே போனால் பாயிண்ட். ஒரு கோல் மூன்று பாயிண்டுக்குச் சமம். ஆகவே 3-13 என்று எழுதியிருந்தால் மொத்தம் 22. ஆனால் இந்தக் கணக்கு 1896-இல் வந்தது. 1892 முதல் அதுவரை ஒரு கோலுக்கு ஐந்து பாயிண்ட். அதற்கும் முன்பு, எத்தனை பாயிண்ட் சேர்ந்தாலும் ஒரு கோலை மிஞ்ச முடியாது. பழைய ஸ்கோர்களை இன்றைய கணக்கில் கூட்டினால் பொருள் மாறிவிடும்.

முதல் வரிசை 1887. டிப்பரரி 1-1, கால்வே 0-0. கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் ஊரில் ஹேய்ஸ் ஹோட்டலில் தொடங்கப்பட்டது. மூன்று ஆண்டில் முதல் சாம்பியன்ஷிப். டிப்பரரி என்று பட்டியல் சொன்னாலும் ஆடியது தர்லஸ் ஊர்க் கிளப். கால்வே என்பது மீலிக் ஊர்க் கிளப். அக்காலத்தில் கவுண்டியில் வென்ற கிளப்பே கவுண்டியின் பெயரில் களமிறங்கும், அணிக்கு 21 பேர். பெயர் கொடுத்தவை பல; உண்மையில் ஆட வந்தவை ஐந்தே கவுண்டிகள். என் தேடலுக்கு முக்கியமானது, அந்த ஆண்டு மாகாணம் என்ற பேச்சே இல்லை என்பதுதான். யாருக்கு எதிராக யார் என்பதைக் குலுக்கல் முடிவுசெய்தது. முதல் அமைப்பு திறந்த குலுக்கல். மாகாணமுறை 1888-இல் வந்த இரண்டாவது அமைப்பு. வேறு சொல்லில், முதல் சீர்திருத்தம்.

1887-க்குரிய இறுதி ஆட்டம் நடந்தது 1888 ஏப்ரல் 1 அன்று, பர் நகரில். பட்டியலில் உள்ள ஆண்டு சாம்பியன்ஷிப்பின் பெயர், நாள்காட்டி வேறு. இந்தத் தாமதத்துக்குக் காரணம் தேடினால் விளையாட்டை விட்டு அரசியலுக்குப் போக வேண்டியிருக்கிறது. 1887 நவம்பர் மாநாட்டில் ரகசியப் புரட்சி அமைப்பான ஐரிஷ் ரிபப்ளிகன் பிரதர்ஹுட் சங்கத்தைக் கைப்பற்ற, சங்கம் பிளந்தது. 1888 ஜனவரியில்தான் சமரசம். இதையெல்லாம் சங்கத்தின் குறிப்பேடுகளில் பார்க்க இயலாது. மத்தியக் குழுவின் கூட்டக் குறிப்பேடுகள் 1899 முதலே கிடைக்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குச் செய்தித்தாள்களும், சங்கத்தைக் கண்காணித்த காவல்துறையின் அறிக்கைகளுமே சாட்சிகள். உளவு பார்க்க வந்தவர் எழுதியதில் ஆட்ட விவரத்தை எவ்வளவு நம்பலாம் என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1888 வரிசையில் வென்றவர் கட்டம் காலி. அந்த ஆண்டு ஆட்டமே இல்லை என்று சுலபமாக எண்ணிவிடலாம். ஆனால் லென்ஸ்டர் மாகாணப் பட்டியலைத் தனியே எடுத்துப் பார்த்தால் 1888-க்கு நேரே கில்கெனி என்று இருக்கிறது. ஆக, மாகாண ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. முடியாமல் நின்றது மேல்கட்டம். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் சங்கம் தன் வீரர்களைத் திரட்டிக் கண்காட்சி ஆட்டங்களுக்காக அமெரிக்கா அழைத்துச் சென்றது; போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை.

அடுத்து என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது 1901: லண்டன் 1-5, கார்க் 0-4. அயர்லாந்தின் பட்டத்தை லண்டன் எப்படி வென்றது? ஐந்தாவது கட்டத்தில்தான் விடை. 1900 முதல் சில ஆண்டுகள் பிரிட்டனில் குடியேறிய ஐரிஷ்காரர்களையும் ஒரு மாகாணம் போலவே சங்கம் நடத்தியது. நான்கு மாகாணங்களும் தங்களுக்குள் மோதி ‘உள்நாட்டு இறுதி’ ஆடும். வென்ற அணி, நேரே வந்து காத்திருக்கும் லண்டனைச் சந்திக்கும். கார்க் அணி வெக்ஸ்ஃபோர்டை உள்நாட்டு இறுதியில் வென்று வந்தது. லண்டனுக்கு அந்தப் பாடில்லை. 1903 ஆகஸ்ட் 2 அன்று ஒரே ஆட்டம் ஆடி 1901-இன் சாம்பியன் ஆனது.

இது விதிவிலக்கு என்று ஒதுக்கிவைத்திருப்பேன், 1955-உம் 1958-உம் இல்லாவிட்டால். 1955 இறுதி: வெக்ஸ்ஃபோர்ட் 3-13, கால்வே 2-8. 1958 இறுதி: டிப்பரரி 4-9, கால்வே 2-5. இரண்டு ஆண்டுகளிலும் கால்வேக்கு ஐந்தாவது கட்டத்தில் எழுத வேண்டிய எண் பூஜ்யம். ஓர் ஆட்டமும் ஆடாமல், விளையாட்டு மொழியில் ‘பை’ வாங்கி, நேரே இறுதிக்கு வந்திருக்கிறது.

காரணம் வரைபடத்தில் இருக்கிறது. நான்கு மாகாணங்களில் ஹர்லிங் ஊன்றியது மன்ஸ்டரிலும் லென்ஸ்டரிலும். கொனாட்டில் வலுவான அணி கால்வே ஒன்றே, அல்ஸ்டரில் ஆன்ட்ரிம். தன் மாகாணத்தில் எதிராளி இல்லாதவருக்கு மாகாணமுறையில் எங்கே இடம் தருவது? முறை தந்த பதில், காத்திரு என்பது. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரவைத்துப் பந்திக்குக் கூப்பிடாத உபசாரம் அது.

1923-இல் வென்ற கால்வே அடுத்து வென்றது 1980-இல். இந்த 57 ஆண்டு வறட்சிக்கு, போதிய ஆட்டங்கள் இல்லாததே காரணம் என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுவது. என் ஐந்தாவது கட்டமும் முதலில் அதற்கே சாட்சி சொன்னது. ஆனால் 1959 வரிசைக்கு வந்ததும் விளக்கம் தள்ளாடுகிறது. 1959 முதல் 1969 வரை கால்வே மன்ஸ்டர் சாம்பியன்ஷிப்பில் ஆடியது. டிப்பரரி, கார்க், லிமெரிக், வாட்டர்ஃபோர்ட், கிளேர் என்று எதிராளிகளுக்குக் குறைவில்லை. பதினோரு ஆண்டில் கிடைத்தது ஒரே வெற்றி, 1961-இல் கிளேருக்கு எதிராக. நாக்-அவுட் முறையில் கடினமான மாகாணத்துக்குப் போவதென்றால், ஆண்டுக்கு ஓர் ஆட்டம் ஆடித் தோற்று வீட்டுக்குப் போவதுதான்.

எதிர்ப்பக்கச் சாட்சி இன்னும் அழுத்தமானது. 1970-இல் கால்வே பழைய தனிவழிக்கே திரும்பியது. அந்த வழியிலேயே 1980, 1987, 1988 பட்டங்களை வென்றது. 1987-இல் ஐந்தாவது கட்டத்தின் எண் 1: அரையிறுதியில் டிப்பரரி, பிறகு இறுதியில் கில்கெனி. அப்படியானால் எண்ணிக்கைக்குப் பொருளே இல்லையா? அந்த முடிவுக்கும் நான் வரமாட்டேன். கால்வே அதே 1987 வசந்தத்தில் தேசிய லீக்கையும் வென்றிருந்தது. லீக் ஆட்டங்கள் சாம்பியன்ஷிப் கணக்கில் சேராதவை. என் கட்டம் அவற்றைக் காட்டாது. ஆட்டங்கள் குறைவாக இருந்தன என்பது மெய். குறைவால் மட்டுமே தோற்றார்கள் என்பது மெய்ப்படவில்லை. 2009-இல் கால்வேயும் ஆன்ட்ரிமும் லென்ஸ்டரில் சேர்க்கப்பட்டன. 2012-இல் கால்வே லென்ஸ்டர் பட்டத்தையும், 2017-இல் அகில அயர்லாந்துப் பட்டத்தையும் வென்றது.

இதற்கிடையே இன்னொரு கதவு திறந்திருந்தது. 1997-இல் மன்ஸ்டர், லென்ஸ்டர் இறுதிகளில் தோற்றவர்களுக்கு மறுவாய்ப்பு தரப்பட்டது. மக்கள் இதைப் ‘பின்வாசல்’ என்றார்கள். முதலாண்டிலேயே சோதனை: மன்ஸ்டர் இறுதியில் கிளேரிடம் தோற்ற டிப்பரரி, அகில அயர்லாந்து இறுதியில் மீண்டும் கிளேரின் எதிரே நின்றது. 0-20, 2-13. ஒரே பாயிண்டில் கிளேர் தப்பியது. மறுஆண்டு ஆஃபலி, லென்ஸ்டர் இறுதியில் தன்னை வென்ற கில்கெனியையே கடைசி ஆட்டத்தில் வென்று பட்டம் வாங்கியது. நடுவே கிளேருடன் அரையிறுதியை மூன்று முறை ஆட நேர்ந்தது: முதலாவது சமன், இரண்டாவதை நடுவர் நேரம் முடியுமுன் நிறுத்திவிட, ஆஃபலி ரசிகர்கள் குரோக் பார்க் மைதானத்துப் புல்தரையில் உட்கார்ந்து எழ மறுத்தார்கள், மூன்றாவது தர்லஸில்.

மாகாணமுறை ஏன் இவ்வளவு காலம் அசையவில்லை என்பதற்கு வேறோர் ஏட்டில் தடயம் இருக்கிறது. மாகாண ஆட்டங்கள் 1888-இல் தொடங்கினாலும் மாகாணக் குழுக்கள் 1900-க்குப் பிறகே ஒவ்வொன்றாக அமைந்தன. அமைந்தபின் நுழைவுச்சீட்டு வசூல் அவற்றின் கைக்கு வந்தது. தொன்மரபு என்று காக்கப்பட்டதில் கணிசமான பங்கு கணக்குப் புத்தகத்தைச் சேர்ந்தது என்பது என் கருத்து. 2018 சீர்திருத்தம் மாகாணங்களை ஒழிக்காததும் இதனோடு பொருந்துகிறது. மன்ஸ்டரிலும் லென்ஸ்டரிலும் தலா ஐந்து அணிகள், எல்லோரும் எல்லோருடனும் ஆடும் ரவுண்ட்-ராபின். அவற்றின் கீழே இரண்டாம் அடுக்காக ஜோ மெக்டொனா கோப்பை. அவ்வாண்டு இறுதிக்கு முன் கால்வே எட்டு ஆட்டம், லிமெரிக் ஏழு. மன்ஸ்டரில் மூன்றாமிடத்தில் முடித்த லிமெரிக் 1973-க்குப் பிறகு முதன்முறையாகப் பட்டம் வென்றது.

என் கட்டத்தில் இன்னும் சரிப்படாத வரிசை கெர்ரியுடையது. 1891-இன் சாம்பியன், பின்னாளில் இரண்டாம் அடுக்கு. 2020, 2021, 2022 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மெக்டொனா இறுதிக்கு வந்து மூன்றிலும் தோற்றது. அதில் ஒன்றை வென்றிருந்தால்? அப்போது வேறு எந்த அணி அந்தக் கோப்பையை வென்றாலும் லென்ஸ்டருக்கு நேரே உயர்வு. கெர்ரி வரைபடத்தில் மன்ஸ்டரில் இருப்பதால், அன்றைய விதிப்படி, மன்ஸ்டரின் கடைசி அணியுடன் இன்னோர் ஆட்டம் ஆடி வென்றாக வேண்டியிருந்தது.