பழைய தானுந்தை மின்னுந்தாக மாற்றுதல்

பழைய தானுந்தை மின்னுந்தாக மாற்றுதல் என்பது, பெட்ரோல் அல்லது டீசல் எஞ்சினால் ஓடிய பழைய கார் ஒன்றின் எஞ்சினையும் அதன் துணைப் பாகங்களையும் அகற்றிவிட்டு, மின்னோடி, மின்கல அடுக்கு, கட்டுப்படுத்தி ஆகியவற்றைப் பொருத்தி அதே உடற்கூட்டை மின்னாற்றலால் ஓடச் செய்வதாகும். மேலை நாடுகளில் இது நெடுங்காலமாக வீட்டுக் கொட்டகைகளில் நடைபெறும் ஒரு பொழுதுபோக்குப் பொறியியல் பணி. இந்தியாவில் இதற்குத் தனி விதிகள் 2016-இல் வகுக்கப்பட்டன. அம்பாசடர் போன்ற எளிய அமைப்புடைய கார்கள் இம்மாற்றத்திற்குத் தொழில்நுட்ப அளவில் மிகவும் ஏற்றவை. எனினும் உண்மையிலேயே பழமையான கார்கள் பலவற்றை இந்திய விதிகள் இம்மாற்றத்திற்கு அனுமதிப்பதில்லை.

வரலாறு

தானுந்தின் தொடக்கக் காலத்தில், அதாவது 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மின்னுந்துகள் பெட்ரோல் கார்களுக்கு நிகராக விற்பனையாயின. பின்னர் அவை மறைந்தன. 1967-இல் ஐக்கிய அமெரிக்காவில் மின்தானுந்துச் சங்கம் தொடங்கப்பட்டபோது, அதன் உறுப்பினர்களுக்குக் கடையில் வாங்க மின்னுந்து எதுவும் இல்லை. ஆகவே பழைய காரை மாற்றுவதே அவர்களுக்கு இருந்த வழி. 1968-இல் கால்டெக், எம்.ஐ.டி. ஆகிய இரு கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் மின்னுந்துப் பந்தயம் ஒன்றை நடத்தினர். கால்டெக் அணி ஒரு ஃபோக்ஸ்வாகன் சிற்றுந்தையும், எம்.ஐ.டி. அணி ஒரு செவர்லே கோர்வேர் காரையும் மின்னுந்தாக மாற்றியிருந்தன. எம்.ஐ.டி. வண்டி முதலில் சென்றடைந்தாலும், இடையில் இழுத்துச் செல்லப்பட்டதற்கான தண்டனை நேரம் சேர்க்கப்பட்டதால் கால்டெக் வென்றது.

இந்தியாவில் புதிய மின்னுந்துகளே முதலில் வந்தன. கேரளத்தின் சாலக்குடியில் இயங்கிய எடி கரண்ட் கண்ட்ரோல்ஸ் நிறுவனத்தின் லவ்பேர்ட் என்னும் சிறு கார் 1993-இல் அறிமுகமானது. பெங்களூரின் ரேவா 2001-இல் விற்பனைக்கு வந்தது. இரண்டும் ஈய-அமில மின்கலங்களால் ஓடியவை. பழைய கார்களை மாற்றும் ஆர்வம் உலக அளவில் பரவியதற்கு லித்தியம் மின்கலங்களின் விலை குறைந்ததே முதன்மைக் காரணம். 2017-இல் ஜாகுவார் நிறுவனமே தனது பழைய இ-டைப் காரின் மின்வடிவம் ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. அடுத்த ஆண்டு பிரித்தானிய இளவரசர் ஹாரியின் திருமணத்தில் அது பயன்பட்டதால் இத்துறை பொதுமக்கள் கவனத்தைப் பெற்றது.

அமைப்பு

அம்பாசடர் இங்கு நல்ல எடுத்துக்காட்டு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் உத்தரபாரா ஆலையில் 1950களின் இறுதி முதல் 2014 வரை இது உருவாக்கப்பட்டது. எஞ்சின் முன்னால் நீளவாக்கில் அமர்ந்திருக்கும். அதற்குப் பின் கிளட்ச், கியர் பெட்டி, நீண்ட சுழல்தண்டு, பின்னச்சு என எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். எஞ்சினை மட்டும் கழற்றிவிட்டு அவ்விடத்தில் மின்னோடியை வைத்தால் மற்றவை மாறாமல் வேலை செய்யும். வேகமானி கியர் பெட்டியிலிருந்து வரும் கம்பிவடத்தால் இயங்குவதால் அதுவும் முன்போலவே வேகத்தைக் காட்டும். புதிய கார்களில் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதால் இவ்வளவு எளிதில் எஞ்சினைப் பிரிக்க இயலாது.

மின்னோடியையும் கியர் பெட்டியையும் இணைக்கும் அடாப்டர் தகடும் கப்ளிங்கும் லேத் பட்டறையில் கடைந்து பெற வேண்டியவை. இவ்விரண்டின் மையக்கோடுகள் சிறிதளவு விலகினாலும் தாங்கிகள் விரைவில் தேய்ந்து, அதிர்வு கேட்கும். வீட்டில் செய்யப்படும் மாற்றங்களில் இந்தத் தகட்டினால் இயந்திரக் கோளாறுகள் வரலாம். மின்னோடி நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தரும். சும்மா ஓடிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. ஆகவே கிளட்சை மிதிக்கும் வேலை பெருமளவு குறைகிறது. இரண்டாம் அல்லது மூன்றாம் கியரிலேயே நகரம் முழுவதும் ஓட்டலாம்.

முற்கால மாற்றங்களில் சுமைதூக்கி வண்டிகளின் நேர்மின்னோட்ட மின்னோடிகள் பயன்பட்டன. அவற்றின் கரித்தூரிகைகள் தேய்பவை. இப்போது மாறுதிசை மின்னோடிகளே விரும்பப்படுகின்றன. வேகத்தைக் குறைக்கும்போது இவை மின்னாக்கியாக மாறி ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்திற்கே திருப்பித் தருகின்றன. விளக்கு, ஒலிப்பான், துடைப்பான் ஆகியவற்றிற்கான 12 வோல்ட் மின்சாரத்தை, டைனமோவுக்கு மாற்றாக ஒரு மின்னழுத்த மாற்றி வழங்கும். வெற்றிட உதவியுடன் கூடிய பிரேக் உள்ள வண்டிகளில் எஞ்சின் நீங்கியதும் வெற்றிடமும் நீங்கிவிடும். அதற்கெனத் தனி மின்விசைக்குழாய் பொருத்தாவிட்டால் பிரேக் மிகவும் கடினமாகிவிடும்.

மின்கல அடுக்கும் பயணத் தொலைவும்

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் உள்ளது. பழைய எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சக்கரங்களுக்கு அளிக்கும். மீதி வெப்பமாக வீணாகும். மின்னோடியில் இழப்பு மிகக் குறைவு. இருந்தும் எடை என்னும் சிக்கல் எழுகிறது. 3.2 வோல்ட் லித்தியம் இரும்புப் பாசுபேட்டுக் கலங்கள் 45-ஐத் தொடராக இணைத்தால் 144 வோல்ட் கிடைக்கும். ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையதாயின் மொத்த ஆற்றல் 14.4 யூனிட். உறையுடன் சேர்த்து இதன் எடை சுமார் 120 கிலோ. இதே ஆற்றலை ஈய-அமிலக் கலங்களில் வைக்க 400 கிலோ தேவை; அம்பாசடரின் பின்புற லீஃப் ஸ்பிரிங்குகள் அதிலேயே அமிழ்ந்துவிடும். எடையை முன்னும் பின்னுமாகப் பகிர்ந்து, ஒவ்வோர் அச்சின் சுமையும் உற்பத்தியாளர் குறித்த எல்லைக்குள் இருக்குமாறு அமைப்பது இன்றியமையாதது.

அம்பாசடரின் வடிவம் காற்றைக் கிழித்துச் செல்வதற்கானது அன்று. மிதமான வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 150 முதல் 200 வாட்-மணி செலவாகும் எனக் கொள்ளலாம். மின்கலத்தின் ஆயுள் கருதி 85 விழுக்காட்டையே பயன்படுத்தினால், மேற்கண்ட அடுக்கு 60 முதல் 80 கி.மீ. வரை ஓடும். திருவண்ணாமலையில் வசிக்கும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையைச் சுற்றிவர 3 யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். சுமார் 35 கி.மீ. தொலைவிலுள்ள செங்கத்திற்குச் சென்று திரும்புவது எல்லைக்கோட்டில் உள்ள பயணம். சுமார் 60 கி.மீ. தொலைவிலுள்ள விழுப்புரத்திற்குச் சென்றால் அங்கு மின்னேற்றிக்கொண்டுதான் திரும்ப இயலும். சென்னை வரை ஒரே மூச்சில் செல்ல இதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அடுக்கு வேண்டும்; விலையும் எடையும் அவ்வாறே கூடும். சவ்வாது மலை போன்ற ஏற்றங்களில், 1,400 கிலோ எடையுள்ள வண்டி 500 மீட்டர் உயரம் ஏற, உராய்விழப்புகள் நீங்கலாகவே 1.9 யூனிட் கூடுதலாகத் தேவைப்படும்.

வீட்டிலுள்ள 15 ஆம்பியர் இணைப்பிலிருந்து சுமார் 3 கிலோவாட் பெறலாம். ஆகவே வெறுமையான அடுக்கு நிரம்ப ஐந்து மணி நேரம் ஆகும். இரவில் மின்னேற்றுவது, மின்கலம் வெப்பத்தால் சீர்கெடுவதையும் குறைக்கும். கோடையில் 40 பாகையைத் தொடும் ஊர்களில் இது சிறிய செய்தியன்று.

பாதுகாப்பு

60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் உயிருக்கு ஊறு விளைவிக்கக் கூடியது. வீட்டு மின்சாரத்தை முதன்மை இணைப்பில் துண்டித்துவிட்டு வேலை செய்யலாம். மின்கல அடுக்கை அவ்வாறு அணைக்க இயலாது. இணைக்கும் ஒவ்வொரு கலத்தோடும் மின்னழுத்தம் கூடிக்கொண்டே செல்லும். ஆகவே காப்பிட்ட கருவிகளும் கையுறைகளும் தேவை. மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். 30 கிலோவாட் திறனை 144 வோல்ட்டில் பெற 200 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பாயும். மாறுதிசை மின்னோட்டம் நொடிக்குப் பலமுறை சுழியைத் தொடுவதால் அதில் எழும் மின்வில் தானே அணையும். நேர்மின்னோட்டத்தில் அவ்வாறு அணையாது. வீட்டுப் பலகையிலுள்ள சாதாரணத் துண்டிப்பான்களை இங்குப் பயன்படுத்துவது தீவிபத்துக்கே வழி. நேர்மின்னோட்டத்திற்கென மதிப்பிடப்பட்ட உருகியும் தொடுவிசையும், ஓட்டுநர் கைக்கெட்டும் அவசரத் துண்டிப்பும் கட்டாயமானவை. ஒவ்வொரு கலத்தின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் கண்காணிக்கும் மின்கல மேலாண்மை அமைப்பு இல்லாத லித்தியம் அடுக்கை எவ்வகையிலும் பரிந்துரைக்க இயலாது.

இந்தியச் சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடுமாறு உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது. வேறு எரிபொருளுக்கு மாற்றும் கருவித்தொகுதிக்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவைக் கண்டிப்பாகப் பொருள்கொண்டது.

2016 சூனில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம் மின்மாற்றத்திற்கு வழிவகுத்தது. இதன்படி, மின்கருவித்தொகுதியின் தயாரிப்பாளர் அல்லது வழங்குநர் அதனை ஏ.ஐ.எஸ். 123 தரத்தின்படி அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் சோதித்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அதற்கெனத் தகுதி பெற்ற நிறுவுநரே பொருத்த வேண்டும். புனேயிலுள்ள அராய் அத்தகைய சோதனை நிறுவனங்களுள் ஒன்று. தாமே வடிவமைத்துத் தம் கொட்டகையில் பொருத்திய ஒற்றை வண்டியை, அது எவ்வளவு நேர்த்தியாக இருப்பினும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மின்னுந்து எனப் பதிவுசெய்ய இவ்விதி இடம் தரவில்லை. காப்பீடும் பதிவுச் சான்றிதழைப் பொறுத்தே அமைவதால், விபத்து நேரின் இழப்பீடு பெறுவதில் உரிமையாளருக்குச் சிக்கல் எழலாம். முறையாக மாற்றப்பட்ட சொந்த வண்டிக்குப் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்துடைய எண்பலகை உண்டு.

இதைவிடப் பெரிய தடை, வண்டி 1990 சனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ தயாரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை. 1990களின் அம்பாசடருக்கு இதனால் தடையில்லை. ஆனால் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் உருவாக்கிய ஹெரால்டு, தனிச் சட்டகமும் முழுவதுமாகச் சாய்த்துத் திறக்கும் முன்மூடியும் கொண்டு மாற்றத்திற்கு மிகப் பொருத்தமாக இருந்தும், தகுதி பெறாது. அந்நிறுவனம் 1980களின் இறுதியிலேயே கார் உற்பத்தியை நிறுத்திவிட்டதால், அதன் கார்களில் ஒன்றுகூட இவ்விதிக்குள் வராது.

பழமைப் பாதுகாப்பு

2021-இல் கொண்டுவரப்பட்ட விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவில் பேணப்படும், பெருமளவு மாற்றம் செய்யப்படாத வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாக வரையறுத்து அவற்றுக்கு 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண்ணை அளிக்கின்றன. எஞ்சினை நீக்கிய வண்டி இத்தகுதியைக் கோர இயலாது. பழந்தானுந்துக் கழகங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவாவும் இத்தகைய மாற்றத்தை ஆதரிப்பதில்லை. எஞ்சினின் ஒலியும் மணமும் இன்றி அது வரலாற்று வாகனம் ஆகாது என்பது பழமை ஆர்வலர்களின் வாதம். எஞ்சின் பழுதாகி, உதிரிபாகம் கிடைக்காமல் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டி மீண்டும் சாலைக்கு வருவதே மேல் என்பது மறுதரப்பு. மாற்றியே தீருவது எனில், மாற்றங்களை மீளத்தக்கவையாகச் செய்து, அகற்றிய எஞ்சினையும் பாகங்களையும் பெயரிட்டுச் சேமித்து வைக்குமாறு ஃபிவா அறிவுறுத்துகிறது. அவ்வாறு செய்த வண்டியைப் பின்னர் மூல நிலைக்குக் கொண்டுவர இயலும்.