பந்து எந்தக் கட்டத்தில்?

உதைபந்தாட்டத்தை வானொலியில் சொல்வது கடினமான தொழில். கிரிக்கெற்றில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் அறிவிப்பாளருக்கு மூச்சுவிட நேரமுண்டு. இங்கே அது கிடையாது. இருபத்திரண்டு பேர் ஓட, அவருடைய வாயும் பந்தின் பின்னால் ஓடவேண்டும். அப்படியானால் நல்ல வர்ணனை என்று எதைச் சொல்வது?

ஜேர்மனியில் முதன்முதலாக ஓர் உதைபந்தாட்டப் போட்டி வானொலியில் ஒலித்தது 1925 நவம்பர் 1ஆம் திகதி. மியூன்ஸ்ரர் நகரக் கழகத்துக்கும் அயல் நகரான பீலஃபெல்ட்டின் ஆர்மினியா கழகத்துக்கும் இடையில் நடந்த ஆட்டம் அது. வர்ணித்தவர் பேர்ண்ஹார்ட் ஏர்ண்ஸ்ற்.

இங்கிலாந்தில் பி.பி.சி. 1927 ஜனவரி 22இல் ஆர்சனல் – ஷெஃபீல்ட் யுனைற்றட் ஆட்டத்தை ஒலிபரப்பியது. அதற்காக 'ரேடியோ ரைம்ஸ்' சஞ்சிகை மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்துப் படம் அச்சிட்டது. வேக்லம் என்பவர் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் பந்து நிற்கும் கட்டத்தின் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு வாரம் முன்பு இதே வேக்லம் றக்பி ஆட்டமொன்றை வர்ணித்தபோது, தயாரிப்பாளர் பார்வையிழந்த ஒருவரை அவருக்கு அருகில் இருத்தியிருந்தார். அந்த மனிதருக்குச் சொல்வதுபோலச் சொல்லவேண்டும் என்பதே ஏற்பாடு. நல்ல வர்ணனைக்கு இதைவிடத் தெளிவான இலக்கணத்தை நாம் கண்டதில்லை.

இந்த இலக்கணத்தை நாம் காதால் அறிந்தவர்கள். எம்மில் பலர் ஜேர்மன் மொழியைப் பொறுக்கியெடுத்தது சனிக்கிழமை பிற்பகல்களில், உணவகச் சமையலறை வானொலியிலிருந்துதான். கோப்பை கழுவும் சத்தத்துக்குள் இடது, வலது, முன்னால், பின்னால் என்ற சொற்கள் பந்தோடு வந்து சேர்ந்தன. ஒலிபரப்பு ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். நல்ல அறிவிப்பாளர் முதலில் கோல் கணக்கையும் நிமிடத்தையும் சொல்வார். கெட்டவர் கத்துவார். யாருக்குக் கோல் என்று நாம் தவித்து நிற்போம்.

உணர்ச்சியே கூடாது என்பதல்ல. 1954 ஜூலை 4இல் பேர்ண் நகரில் நடந்த உலகக்கிண்ண இறுதியாட்டத்தில், மேற்கு ஜேர்மனி 3–2 என்று ஹங்கேரியை வென்றது. 84ஆவது நிமிடத்தில் ரான் அடித்த கோலுக்கு வானொலி அறிவிப்பாளர் ஹேர்பேர்ட் சிம்மர்மான் கூவிய கூவல் அந்த நாட்டின் நினைவாகவே மாறிவிட்டது. ஆனால் கூவுவதற்கு முன் பந்து எங்கிருந்து வந்தது, யாருடைய காலில் இருக்கிறது என்பதை அவர் சொல்லி முடித்திருந்தார். அதே ஆட்டத்தைத் தொலைக்காட்சிக்கு வர்ணித்தவர் 1925இல் தொடங்கிவைத்த அதே ஏர்ண்ஸ்ற். அந்த ஒளிபரப்பு முழுமையாக எஞ்சவில்லை. மிஞ்சிய படத்துண்டுகளுக்குப் பின்னர் சிம்மர்மானின் குரலையே ஒட்டினார்கள்.

கிழக்கு ஜேர்மனி வானொலிக்கு வர்ணித்த வொல்ஃப்காங் ஹெம்பலை நினைப்பவர்கள் குறைவு. அவர் நிதானமாகப் பேசினார். ஹங்கேரியருக்கு உரிய மதிப்பைக் கொடுத்தார். அதற்காகச் சொந்த நேயர்களிடமிருந்தே கண்டனக் கடிதங்கள் வந்தன. அவர்கள் கேட்க விரும்பியது வேறு.

ஹெம்பலுக்கு வந்த கடிதங்கள் எமக்கு அந்நியமானவை அல்ல. 2009 மே வரையான போர்க்காலத்தில் ஊர் எமக்குக் குரலாகத்தான் வந்தது. வானொலியிலும் தொலைபேசியிலும் யாரோ பார்த்துச் சொன்னார்கள், நாம் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்து கேட்டோம். வெற்றிக் கூவலுக்கு எம்மிடையே என்றும் நேயர்கள் இருந்தார்கள். எந்த ஊர், எத்தனை பேர், எந்தப் பக்கம் போனார்கள் என்று மட்டும் சொன்னவர்மீது சந்தேகம் விழுந்தது.

சொல்பவர் ஒரு பக்கத்தை விரும்பலாம், சிம்மர்மானும் விரும்பினார். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்குத் தன் பிள்ளை எந்தக் கட்டத்தில் நிற்கிறான் என்பது முதலில் தெரியவேண்டும்.