பின்னங்கால் இழுக்கும் நாய்: ஒரு நோய் அடையாளம் பெற்ற வரலாறு

நோய் ஒன்று உலகில் இருப்பது வேறு; அதனை இன்ன நோய் என்று பிரித்தறிவது வேறு. முதுமையடைந்த நாய்கள் பின்னங்கால் தளர்ந்து, நடை தள்ளாடி, முடிவில் எழமாட்டாமல் கிடந்து மாய்வதை நாய் வளர்த்தோர் நெடுங்காலமாகவே கண்டு வந்தனர். வயதாகிவிட்டது என்றனர் சிலர். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்றனர் வேறு சிலர். வாதம் என்று சொல்லிக் கைவிட்டவர்களும் உண்டு. இத்தளர்ச்சிகளுள் ஒரு வகை மூட்டிலும் இல்லை, எலும்பிலும் இல்லை; முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடத்தின் நரம்பிழைகளிலேயே இருக்கிறது என்பது தனி நோயாக எழுதப்பட்டது 1973ஆம் ஆண்டில்தான்.

அவ்வாண்டு அவெரில் என்னும் ஆராய்ச்சியாளர், அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில், முதிய ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களிடம் கண்ட தண்டுவடச் சிதைவைப் பற்றிக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். நம் ஊர்களில் அல்சேஷன் என்று வழங்கும் நாய் இதுவேயாகும். 1899இல் ஸ்டெபானிட்ஸ் என்னும் ஜெர்மானியப் படைத்தலைவர், கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த நாய்க் கண்காட்சியில் தம் மனத்துக்குப் பிடித்த மந்தை நாய் ஒன்றைக் கண்டு, அதனை விலைக்கு வாங்கி, புதிய இனத்தின் முதல் நாயாகப் பதிவு செய்தார். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் ஜெர்மானியர் பெயரை நாய்க்கும் சூட்ட மனமில்லாத ஆங்கிலேயர் அதனை அல்சேஷன் என்றாக்கினர். பிரிட்டனில் பழைய பெயர் முறைப்படி மீண்டது 1977இல். பெயர் மாறினும் நாய் மாறவில்லை. அதன் குருதியில் ஓடிய குறையும் மாறவில்லை.

நோய் முதலில் இந்த இனத்தில் கண்டறியப்பட்டது ஒருவகையில் வியப்பே. ஏனெனில் அதனை மறைக்கக்கூடிய பிற நோய்கள் பல சேர்ந்து குடியிருக்கும் உடல் அல்சேஷனுடையது. இடுப்பு மூட்டுக் கிண்ணம் சரியாக அமையாத கோளாறு இவ்வினத்தில் மிகுதி. முதுகின் அடியில், வால் தொடங்கும் இடத்தருகே நரம்புக் கற்றை நெருக்குண்பதும் மிகுதி. முள்ளெலும்புகளின் இடையேயுள்ள வட்டு முதுமையில் மெல்லப் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவதும் உண்டு. வட்டு நோயில் திடீரென வெடிப்பது ஒருவகை, மெல்லப் பிதுங்குவது மற்றொரு வகை என்று சுவீடன் நாட்டு ஹான்சன் 1952இல் வகுத்துக் காட்டினார். பெரிய நாய்களை முதுமையில் வாட்டுவது பெரும்பாலும் இரண்டாம் வகை. ஆகவே கால் தளர்ந்த கிழ அல்சேஷனை எக்ஸ்ரே எடுத்தால், படத்தில் ஏதோ ஒரு குறை தெரிந்தே தீரும். தெரிந்த குறையைப் பழிப்பது எளிது. உண்மையான குற்றவாளியோ எக்ஸ்ரேயில் விழுவதில்லை.

இனி நோயின் குறிகளைக் காண்போம். முதலில் அதனை அறிவது கண் அன்று, காது! சிமெண்டுத் தரையில் நாய் நடக்கும்போது பின்னங்கால் நகம் 'சரக், சரக்' என்று உரசும் ஒலி கேட்கும். நகங்களைப் பார்த்தால், பின்னங்கால்களில், அதுவும் நடுவிலுள்ள விரல்களில், தேய்ந்திருக்கும். திரும்பும்போது இடுப்பு ஒரு பக்கம் சாயும். கால்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடும். பாதம் சில நேரம் மடங்கி, மேற்புறம் தரையில் படிய நாய் நிற்கும். அது மடங்கியிருப்பதே அதற்குத் தெரியாது. பெரும்பாலும் ஒரு காலில் முந்தியும் மற்றதில் பிந்தியும் தொடங்கும். பெரிய இனங்களில் ஏறத்தாழ ஒன்பது வயதிலும், கோர்கி போன்ற குட்டையினத்தில் பதினொரு வயதிலும் தலைகாட்டுவது வழக்கம். நோவு மட்டும் இருப்பதில்லை. முதுகைத் தடவினாலும் அழுத்தினாலும் நாய் முனகாது.

நோவின்மை என்னும் இக்குறியே மருத்துவனுக்கு முதற்கருவி. இரண்டாவது கருவிக்கும் காசு செலவில்லை. நிற்கும் நாயின் பின்பாதம் ஒன்றைக் கையால் மடக்கி, மேற்புறம் தரையில் படும்படி வைத்தால், நல்ல நரம்புடைய நாய் உடனே பாதத்தைத் திருப்பி ஊன்றும். இடுப்பு மூட்டு கெட்ட நாயும் திருப்பும். அதற்கு வலியே தவிர அறிவு இழப்பு இல்லை. தண்டுவடம் கெட்ட நாயோ மடங்கிய பாதத்தோடு அப்படியே நிற்கும். கால் எங்கே இருக்கிறது என்னும் செய்தி மூளைக்குப் போய்ச் சேரவில்லை. இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல் இடுப்பு மூட்டில் கத்தி வைப்பது எவ்வளவு பெரிய பிழை என்று சொல்லவும் வேண்டுமோ?

உள்ளே நடப்பது என்ன? தண்டுவடத்தின் வெளிப்பகுதி வெள்ளைப் பொருளால் ஆனது. மூளைக்கும் கால்களுக்கும் செய்தி கொண்டு செல்லும் நீண்ட இழைகள் அதில் ஓடுகின்றன. ஒவ்வோர் இழையையும் மையலின் என்னும் கொழுப்புறை மூடியிருக்கிறது. இந்நோயில் இழையும் உறையும் சேர்ந்தே அழிகின்றன. மார்புப் பகுதியின் நடுவிலும் கீழ்ப்பாதியிலும் அழிவு மிகுதி. முன்னங்கால்களுக்குரிய இழைகள் அதற்கு மேலேயே பிரிந்துவிடுவதால் அவை முதலில் தப்புகின்றன. ஆயினும் நாள் செல்லச் செல்ல நோய் ஏறும். பெரிய நாய்கள் பல ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் நடையை இழக்கின்றன. அதற்குப் பின்னும் வைத்துக் காப்பாற்றினால் முன்னங்கால்களும் சோர்ந்து, சிறுநீரடக்கம் போய், மூச்சும் விழுங்கலும் தடுமாறும். அந்நிலை வருமுன்னரே வளர்ப்போர் நாயை மருத்துவர் கையால் உறங்கச் செய்துவிடுவதால், நோயின் பிற்பகுதி நெடுங்காலம் சரியாக எழுதப்படாமலே கிடந்தது.

1975இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கிரிபித்ஸ், டங்கன் என்னும் இருவர் இதே நோயை ஆராய்ந்து, தண்டுவடத்தோடு நரம்பு வேர்களும் கெடுவதைக் கண்டு, அதற்கேற்ப நீண்ட பெயர் ஒன்றைச் சூட்டினர். பிரிட்டனில் அப்பெயர் பல ஆண்டு வழங்கியது. காரணம் பற்றிய கருத்துகளோ பலவாறு பெருகின. சத்துக் குறை என்றனர், நஞ்சு என்றனர். உடலின் காப்புப் படையே தன் நரம்பைத் தாக்குகிறது என்னும் கொள்கை எண்பதுகளில் செல்வாக்குப் பெற்றது. அதன் வழியே வைட்டமின்களும் பிற மருந்துகளும் கொடுக்கப்பட்டன. நோயை நிறுத்தியதாக எதுவும் நிறுவப்படவில்லை. வேறு வழியில்லாதவர் கையில் கிடைத்த மருந்தைக் கொடுத்ததைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கொள்கை அழகாக இருந்த அளவுக்குச் சான்று வலுவாக இல்லை.

உண்மையான விளக்கம் வேறொரு பாதையில், மிக மெதுவாக வந்துகொண்டிருந்தது. 1938இல் மான், கெய்லின் என்னும் இருவர் மாட்டுக் குருதியிலிருந்து செம்பு கலந்த புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அது என்ன வேலை செய்கிறது என்பது தெரியவில்லை. முப்பத்தோர் ஆண்டு கழித்து, 1969இல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து மெக்கார்டும் பிரிடோவிச்சும் அதன் தொழிலைக் கண்டனர். ஆக்சிஜனிலிருந்து உடலில் தோன்றும் சூப்பர் ஆக்சைடு என்னும் தீய வடிவத்தை அடக்கும் நொதி அது. சூப்பர் ஆக்சைடு டிஸ்முடேஸ் என்று பெயர் பெற்றது. 1993இல் மனிதரிடம் குடும்பவழி வரும் ஓர் கொடிய தசைவாத நோய்க்கு இந்நொதியின் மரபணுவில் ஏற்பட்ட பிழை காரணம் என்று தெரிந்தது. 1869இல் பாரிசில் ஷார்க்கோ என்னும் பெருமருத்துவர் விளக்கியதும், 1941இல் பேஸ்பால் வீரர் லூ கெரிக்கின் உயிரைக் குடித்ததும் அந்நோயே.

நாயின் முறை 2009இல் வந்தது. மிசூரி பல்கலைக்கழகத்தாரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் பெம்புரோக் கோர்கி நாய்களின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டு, முப்பத்தொன்றாம் குரோமசோமில் ஒரு பகுதியைக் குறித்தனர். அங்கே இருந்தது அதே டிஸ்முடேஸ் மரபணு. புரதத்தின் நாற்பதாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லைசின் இருந்தது. ஒரே ஓர் எழுத்துப் பிழை! பாக்சர், ரொடீசியன் ரிட்ஜ்பேக், ஜெர்மன் ஷெப்பர்டு, செசபீக் ரிட்ரீவர் ஆகிய இனங்களிலும் நோய்வாய்ப்பட்டவை இப்பிழையையே தாங்கியிருந்தன. மனித நோயாளிகளிடம் காண்பதுபோல, நரம்பணுக்களுள் அப்புரதம் கட்டிக்கட்டியாகத் திரண்டிருப்பதும் காணப்பட்டது. 2011இல் பெர்னீஸ் மலைநாயில் வேறோர் பிழையும் அகப்பட்டது.

இதனால் நோயறிதல் எளிதாயிற்று என்று நினைப்பது தவறு. குருதியோ எச்சிலோ கொடுத்தால் மரபணுச் சோதனை விடை சொல்லும். ஆனால் விடை எந்தக் கேள்விக்கு? மனிதரிடம் பெரும்பாலும் பிழையான மரபணு ஒன்றே நோய்க்குப் போதும். நாயிடம் தாய்வழியும் தந்தைவழியும் இரண்டும் பிழையாக இருக்க வேண்டும். அவ்வாறு இருந்தும் நோயே காணாமல் முதுமையெய்தி வேறு காரணத்தால் இறக்கும் நாய்கள் பல. ஆகவே இரு பிழையுள்ள நாய்க்குக் கால் தளர்ந்தால், தளர்ச்சிக்குக் காரணம் அப்பிழைதான் என்று சோதனை நிரூபிக்காது. அதே நாய்க்கு வட்டுப் பிதுக்கமும் இருக்கலாம். அறுவை செய்தால் நடக்கவும் கூடும். சோதனைத்தாளை மட்டும் நம்பி அதனைக் கைவிட்டால், பிழைக்கக்கூடிய நாய் கொல்லப்படும். படத்தில் தெரிந்த பிதுக்கத்தை மட்டும் நம்பி முதுகை அறுத்தால், சாகப்போகும் நாய் வீணாக வதைபடும். இரு பக்கமும் இழப்புள்ள இடம் இது.

எனவே இன்றும் மருத்துவர் செய்வது ஒவ்வொன்றாகக் கழித்து வருவதே. நோவு இல்லை, நடை மெல்லக் கெடுகிறது, பாதம் திரும்பவில்லை, எம்.ஆர்.ஐ. படத்தில் தண்டுவடத்தை நெருக்குவது எதுவும் இல்லை. முதுகுநீரில் அழற்சி இல்லை. மரபணு இரண்டும் பிழை. இவ்வளவும் சேர்ந்தால் 'பெரும்பாலும் இதுவே' என்று எழுதுவர். 'இதுவே' என்று எழுதுவதற்கு நாய் இறந்தபின் தண்டுவடத்தைச் சீவி நுண்ணோக்காடியில் பார்த்தாக வேண்டும். 2009ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பும் அப்படிக் கிடைத்ததே. தம் நாயைப் புதைக்குமுன் அதன் தண்டுவடத்தை ஆராய்ச்சிக்குக் கொடுத்த எளிய மக்களின் பெயர்களை எவரும் அறியார்.

தீர்க்கும் மருந்து நாய்க்கு இல்லை. மனிதருக்கு, இப்பிழையால் வரும் நோய்க்கென, டோபர்சன் என்னும் மருந்தை 2023இல் அமெரிக்க அரசு ஏற்றது. நாய்க்கு இதுவரை உதவியதாகத் தெரிவது உடற்பயிற்சி. 2006இல் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆராய்ச்சி ஒன்றில், நாள்தோறும் நன்கு பயிற்சி பெற்ற நாய்கள் சராசரி 255 நாளும், ஓரளவு பெற்றவை 130 நாளும், பெறாதவை 55 நாளும் வாழ்ந்தன. எண்ணிக்கை சிறியது, அக்கறை மிகுந்தோர் எப்படியும் நாயை நீண்ட நாள் வைத்திருப்பர் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும். எனினும் பயிற்சியால் கேடில்லை.

இனவிருத்தி செய்வோர்க்குச் சோதனை பெரிதும் பயன்படுகிறது. பிழை தாங்கிய நாய்களையெல்லாம் ஒரேயடியாக விலக்கிவிடலாமே என்று தோன்றும். நூற்றுக்கு மேற்பட்ட இனங்களில் இப்பிழை பரவியிருக்கிறது. சிலவற்றில் அது இல்லாத நாயே குறைவு. விலக்கப் புகுந்தால் குறுகிய குருதியில் வேறு நோய்கள் தலையெடுக்கும். ஆகவே ஒரு பிழை மட்டும் உடைய நல்ல நாயைப் பிழையற்ற நாயோடு சேர்க்கின்றனர். அவ்வழிப் பிறக்கும் குட்டிகளில் ஏறத்தாழப் பாதி பிழையற்றவை. மற்றவை ஒரு பிழையைச் சுமப்பவை. இரண்டு பிழையோடு ஒன்றும் பிறப்பதில்லை.