வேகம் கூட்டிய கணினியை உறங்கவைக்கலாமா?

மணிக்கணக்கில் விளையாடியபோது முடங்காத கணினி, உறக்க நிலையிலிருந்து எழுப்பும்போது கறுப்புத் திரையோடு நின்றுவிடுவதுண்டு. ‘ஓவர்கிளாக்’ செய்த, அதாவது நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓடும்படி அமைத்த கணினிகளில் இது பழகிப்போன தொல்லை.

சுமை கூடினால்தான் கோளாறு வரும் எனப் பலர் நினைக்கின்றனர். சுமை குறையும்போதும் வரும். வேலையில்லாத நேரத்தில் செயலி தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொள்கிறது. சூட்டைத் தணிக்க மின்னழுத்தத்தைச் சற்றுக் கழித்து வைத்திருந்தால், அந்தக் கழிவு இங்கும் சேர்ந்து செயலியைத் தள்ளாட வைக்கும்.

மின்வழங்கியும் காரணமாகலாம். 2013ல் இன்டெலின் ‘ஹாஸ்வெல்’ செயலிகள் வந்தபோது, அவற்றின் ஆழ்ந்த ஓய்வுநிலைகளான சி6, சி7 ஆகியவற்றில் 12 வோல்ட் இணைப்பில் தேவைப்பட்ட மின்னோட்டம் 0.05 ஆம்பியர் வரை இறங்கியது. பழைய மின்வழங்கிகள் சில அவ்வளவு சிறிய சுமைக்கு ஏற்றவையல்ல. அதனால் அந்நிலைகளை முடக்கிவைக்கும் வசதி பயாஸில் தரப்பட்டது.

வழக்கமான உறக்கமான எஸ்3 நிலையில் செயலிக்கு மின்சாரம் நின்றுவிடும்; நினைவகம் மட்டும் விழித்திருக்கும். எஸ்4 நிலையில் நினைவகத்தில் உள்ளதெல்லாம் வட்டில் எழுதப்பட்டு, கணினி அணைந்துவிடும். இடிமழையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் எஸ்3ல் இருந்த, சேமிக்காத வேலை போனதுதான், எஸ்4ல் தப்பும். ஆனால் நினைவகத்தின் வேகத்தைத் தாங்கும் எல்லைக்கே கூட்டியிருந்தால் இரண்டுமே ஆபத்து. முடங்கினாலாவது தெரியும். சத்தமின்றிப் பிழையான தரவு கோப்பில் எழுதப்படுவதுதான் மோசம்.

எனவே வேகம் கூட்டுமுன், பயாஸை இயல்பு அமைப்பில் வைத்து உறக்கத்தைச் சோதிப்பது நல்லது. விண்டோசில் ‘பவர்சிஎஃப்ஜி /ஏ’ கட்டளை எந்தெந்த உறக்க நிலைகள் உள்ளன என்று காட்டும். பிறகு செயலி, நினைவகம் என ஒவ்வொன்றாகக் கூட்டி, முக்கியக் கோப்புகளுக்கு நகல் எடுத்துவிட்டுப் பலமுறை உறங்கவைத்து எழுப்ப வேண்டும். ஒருமுறை எழுந்ததை நம்பக்கூடாது. தகராறு நினைவகத்தைக் கூட்டியபின் தொடங்கினால் அதன் வேகத்தை ஒரு படி இறக்கிப் பார்க்கலாம். சும்மா இருக்கும்போது முடங்கினால், கழித்த மின்னழுத்தத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கலாம்.

விண்டோசுக்குள் ஓடும் செயலிவழிச் செய்த மாற்றங்கள் கணினி எழும்போது அழிந்துபோகலாம். பயாஸில் அமைப்பதே உறுதி.