திமிங்கலமும் டார்கெட்டும்

மார்ச் மாசம் வந்தாலே அரசு அலுவலகமோ தனியார் கம்பெனியோ, எங்கேயும் ஒரே பேச்சுதான்: "டார்கெட் முடிச்சாச்சா?" இந்த டார்கெட் ஒரு கடலையே காலி பண்ணின கதை ஒண்ணு இருக்கு. சோவியத் யூனியனின் மீன்வள அமைச்சகம் நடத்திய திமிங்கல வேட்டையின் கதை அது.

1946-ல் திமிங்கல வேட்டையை ஒழுங்குபடுத்த வாஷிங்டனில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சோவியத்தும் கையெழுத்துப் போட்டது. அந்த சீசனிலேயே, போரில் ஜெர்மனியிடமிருந்து கிடைத்த ஒரு தொழிற்சாலைக் கப்பலுக்கு 'ஸ்லாவா' என்று பெயர் வைத்து அன்டார்க்டிக் கடலுக்கு அனுப்பியது. சுற்றியுள்ள சின்னக் கப்பல்கள் வேட்டையாடிக் கொண்டுவரும், பெரிய கப்பலில் வெட்டி எண்ணெய் எடுப்பார்கள். 1959-லிருந்து 1961-க்குள் இன்னும் மூணு பெரிய கப்பல்கள் சேர்ந்துகொண்டன.

இப்போ அளவுகோலைப் பாருங்க. அமைச்சகம் ஒவ்வொரு கப்பல் அணிக்கும் வருஷத் திட்டம் போடும். இத்தனை திமிங்கலம், இத்தனை டன். திட்டத்தை முடித்தால் போனஸ், தாண்டினால் கூடுதல் போனஸ், கேப்டனுக்குப் பதக்கம். சரி, தாண்டிட்டாங்க. அடுத்த வருஷம்? போன வருஷம் பிடித்ததுதான் புது இலக்குக்கு அடிப்படை! கடலில் திமிங்கலம் குறையக் குறைய காகிதத்தில் இலக்கு ஏறிக்கொண்டே போனது. பிடித்ததெல்லாம் முழுசாகப் பயன்பட்டதா என்றால் அதுவும் இல்லை. அவசரத்தில் கொழுப்பை மட்டும் உரித்துவிட்டு மிச்சத்தைக் கடலில் தள்ளிய சம்பவங்கள் நிறைய. ஆனா கணக்கில் அது சாதனைதான்.

அதனால் இரண்டு கணக்கு எழுதினார்கள். நிஜக் கணக்கு மாஸ்கோவுக்கு ரகசியமாகப் போகும். பொய்க் கணக்கு சர்வதேச அமைப்புக்குப் போகும். 1959-60, 1960-61 என்ற இரண்டே சீசனில், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குத் தெற்கே உள்ள கடல்களில் கிட்டத்தட்ட 25,000 கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றார்கள். தென்கோளத்தில் மொத்த வேட்டைக் காலத்திலும் கொன்றது 48,000-க்கு மேல். உலகத்துக்குச் சொன்னது 2,710! தொடவே கூடாது என்று தடை போட்டிருந்த ரைட் திமிங்கலத்தில் அங்கே 3,000-க்கு மேல் கொன்றுவிட்டு, நாலு என்று எழுதினார்கள். நாலு!

இதில் பாதிக்கப்பட்டது திமிங்கலம் மட்டுமில்லை. தங்கள் கரைக்கு வரும் திமிங்கலம் திடீரென்று எங்கே போச்சு என்று புரியாமல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வேட்டை நிலையங்களை இழுத்து மூடினார்கள். பிரிஸ்பேன் பக்கத்தில் டங்கலூமா நிலையம் 1962-ல் மூடப்பட்டது. பொய் எண்களை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சோவியத்தை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. சர்வதேச ஆணையத்தின் அளவுகோலும் லட்சணமாக இல்லை. 'நீலத் திமிங்கல அலகு' என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு நீலத் திமிங்கலம் = இரண்டரை கூன்முதுகு = ஆறு செய். எவ்வளவு எண்ணெய் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. எந்த இனம் அழியுது என்பதற்கு அதில் இடமே கிடையாது.

அமைச்சகத்துக்குள்ளே எச்சரித்தவர்களும் இருந்தார்கள். சோவியத் திமிங்கல விஞ்ஞானி ஆல்ஃபிரட் பெர்சின் தன் நினைவுக் குறிப்பில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். இப்படியே போனால் நம் பேரப்பிள்ளைகளுக்குத் திமிங்கலமே இருக்காது என்று சொன்னபோது, என்னை வேலையை விட்டுத் தூக்கப்போவது அந்தப் பேரப்பிள்ளைகள் இல்லையே என்ற அர்த்தத்தில் அமைச்சரிடமிருந்து பதில் வந்ததாம். குரூரமான பதில்தான். ஆனா அதில் ஒரு உண்மை இருக்கு. அவரை அளப்பவர்கள் மேலே இருந்தார்கள், அவர்களிடம் இருந்த படிவத்தில் 'கடலில் மிச்சம் எத்தனை' என்ற கட்டமே இல்லை.

1972-ல் வெளிநாட்டுப் பார்வையாளர்கள் கப்பலில் ஏறிய பிறகுதான் பெரிய மோசடி அடங்கியது. சோவியத் உடைந்தபின், 1993-ல் அலெக்ஸி யாப்லோகோவ் ஒரு விஞ்ஞான மாநாட்டில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். நிஜக் கணக்குகளைப் பல வருஷம் பத்திரமாக ஒளித்து வைத்திருந்த சில விஞ்ஞானிகளால்தான் எண்களைத் திருத்த முடிந்தது. மொத்தம் 5,34,000 திமிங்கலங்கள், அதில் சுமார் 1,79,000 கணக்கிலேயே காட்டப்படாதவை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டுக்காகவே நிஜச் சுரைக்காயை வெட்டித் தீர்த்தார்கள். இந்த அமைச்சகத்துக்கு அளக்கத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு டன்னையும் துல்லியமா அளந்தது. எடுத்ததை மட்டும் அளந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் கூன்முதுகுகள் இன்று திரும்பிப் பெருகிவிட்டன. வடகிழக்கு பசிபிக்கின் ரைட் திமிங்கலங்களோ, 1960-களின் அந்த வேட்டைக்குப் பிறகு, சில டஜன்தான் மிச்சம். காடு, மணல், நிலத்தடி நீர், மீன் என்று எந்தத் துறையாவது "இலக்கைத் தாண்டிச் சாதனை" என்று அறிக்கை விட்டால், மிச்சம் எவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேட்டு வையுங்க.