பருவக் கூலிகளும் தோட்டக் கணக்கும்

பயிர் செய்வோர் எந்த மாதத்தில் எத்தனை ஆட்கள் தேவை எனக் கணக்கிடுதல் இயல்பே. அவ்வேலை முடிந்தபின் அந்த ஆட்களின் வாழ்வுக்குப் பொறுப்பு யார் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். இலங்கையின் கோப்பித் தோட்ட வரலாறு இக்கேள்வியை நம்முன் நிறுத்துகின்றது.

1830களின் பிற்பகுதியிலிருந்து கண்டி மலைநாட்டிற் கோப்பிச் செய்கை பெருகிற்று. தோட்டத்தைப் பேணச் சிலரே போதும். பழம் பறிக்கும் சில மாதங்களுக்கோ பன்மடங்கு ஆட்கள் வேண்டும். சொந்தக் காணியை நம்பி வாழ்ந்த கண்டிக் குடியானவர் பொதுவாகத் தோட்டக் கூலிகளாக விரும்பவில்லை. எனவே துரைமார் தென்னிந்தியத் தமிழ் மாவட்டங்களை நாடினர். நிலமின்மையும் சாதிக் கொடுமையும் பஞ்சமும் அங்குள்ள ஏழைகளை ஊரைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்தன. பறிப்பு முடிந்ததும் அவர்கள் நெல்லறுவடைக்கு ஊர் திரும்பினர். ஆண்டின் எஞ்சிய மாதங்களில் அவர்களுக்குச் சோறிடும் சுமை அவ்வறிய கிராமங்களையே சார்ந்தது. தோட்டக்காரரின் இலாபத்தில் இதுவும் ஒரு பங்கு.

மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை அவர்கள் கால்நடையாக வந்தனர். நீரற்ற காட்டுப் பாதையில் வாந்திபேதியும் அம்மையும் பலரைப் பலிகொண்டன. பிழைத்து வந்தவர்கள் கங்காணியின் முன்பணத்துக்குக் கடனாளிகளாயினர். 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டம், வேலையைவிட்டு ஓடுவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பின்னர் கடனைத் தீர்த்தாலன்றித் தொழிலாளி தோட்டம் மாற இடங்கொடாத 'துண்டு' முறையும் வேரூன்றியது. 1921இலேயே அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1869இற் காணப்பட்ட இலைநோய் நாளடைவிற் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் கொய்யவேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் லயன் அறைகளிற் குடியேற்றப்பட்டனர். உழைப்பு நிரந்தரமாயிற்று. உழைப்போரையோ, வந்து போகும் அந்நியர் என்றே ஆள்வோர் தொடர்ந்தும் கருதினர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியபோது, இப்பழைய எண்ணமே சட்ட வடிவம் பெற்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேளாமலே இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

இன்றும் பல நாடுகளில் அறுவடைக் காலத்துக்கென ஏழை நாட்டவர் அழைக்கப்பட்டு, காலம் முடிந்ததும் திருப்பி அனுப்பப்படுகின்றனர். அத்தகைய திட்டம் எதனையும் எடைபோடும்போது, கடன் யாருடையது, வேலையற்ற மாதங்களின் பசி யாருடையது, விரும்பினால் அங்கேயே வாழும் உரிமை உண்டா என நாம் கேட்போமாக. மலையகம் இக்கேள்விகளுக்குக் கொடுத்த விலை மிகப் பெரிது.